மேல் ரேடியோ, கீழ் ரேடியோ

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. செவ்வாய்க்கிழமை. கொட்டச்சேடு பக்கம் ஓர் எஸ்டேட் லைனில், தொழிலாளர் குடியிருப்பில், இருபத்து நான்கு வீடுகளில் கணக்கெடுத்தேன். இருபத்து நான்கு வீட்டிலும் எங்கள் ரேடியோதான் கேட்கிறார்கள்.

2. புதன்கிழமை. எங்கள் கமிட்டித் தலைவர் அந்தக் கணக்குக் காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு எனக்கு ஒரு மசால் வடை வாங்கிக் கொடுத்தார். அவர் யாருக்கும் எதுவும் வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

3. வியாழக்கிழமை. ஏற்காடு பஜாரில் டீ குடிக்கப் போன இடத்தில் போட்டி ரேடியோவின் இன்ஜினியர் கோகுலைப் பார்த்தேன். அவரிடமும் ஒரு காகிதம் இருந்தது. அதே லைன், அதே இருபத்து நான்கு வீடுகள். இருபத்து நான்கிலும் அவர்கள் ரேடியோதான் கேட்கிறார்கள்.

4. வெள்ளிக்கிழமை விடியற்காலை. நானும் கோகுலும் அந்த லைன் முன்னால் பனிமூட்டத்தில் நின்றோம். யாரையும் எதுவும் கேட்கவில்லை. காதை மட்டும் திறந்து வைத்திருந்தோம்.

5. திங்கட்கிழமை. கமிட்டிக் கூட்டம். என் பையில் இரண்டு காகிதங்கள். ஒன்றைத்தான் கொடுக்க முடியும்.

அவ்வளவுதான். ஆனால் நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என்னுடைய இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு — நான் ஏற்காட்டில் ஒரு சமூக வானொலியில் டெக்னிக்கல் வேலை பார்க்கிறேன். டிரான்ஸ்மிட்டர், ஆன்டெனா, கேபிள், கேபிள் பெட்டிக்குள் கூடு கட்டும் குளவி... எல்லாம் என் பொறுப்பு. எங்கள் ஸ்டேஷன் ஏரிக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கிறது. இன்னொரு சமூக வானொலி மலையடிவாரத்தில், சேலம் போகிற வழியில் இருக்கிறது. அவர்கள் ஆன்டெனாவும் மலையைப் பார்த்துத்தான் நிற்கிறது. எஸ்டேட் மக்கள் இரண்டுக்கும் பெயர் சொல்வதில்லை. மேல் ரேடியோ, கீழ் ரேடியோ. முடிந்தது.

இரண்டுமே லாபத்துக்கு நடப்பவை இல்லை. அப்புறம் எதற்குப் போட்டி? வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான் கேட்டேன். "கேக்க ஆளில்லாத ரேடியோவுக்கு கரண்டு எதுக்குங்க?" என்றார் தலைவர். அவர் பல வருஷம் எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கராக, இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் வேலைக்கு வந்த ஆட்களுக்குப் பேர் போட்டு, வருகை குறித்துப் பழகிய கை. அவருக்கு எதுவானாலும் ஒரு கோட்டுக்குள் வர வேண்டும்.

இந்த முறை கோட்டுக்குள் மாட்டிக்கொண்டது ஜெசிந்தா அக்காவின் நேரம்.

காலை ஆறு முதல் ஏழு வரை எங்கள் ரேடியோவில் ஜெசிந்தா அக்கா பேசுவார். எந்தக் கொண்டை ஊசி வளைவில் பனி அடைத்திருக்கிறது, எந்த பஸ் லேட், எந்த எஸ்டேட்டில் இன்றைக்குக் காப்பிப் பழம் பறிக்கிறார்கள், யார் வீட்டுக் கன்று தலைச்சோலைப் பக்கம் திரிகிறது, யார் தவறிவிட்டார், அடக்கம் எத்தனை மணிக்கு. பேசி முடித்ததும் ஜீப் பிடித்து ஒரு பள்ளி விடுதிக்குச் சமையல் வேலைக்குப் போய்விடுவார். அங்கே அவர் ஆறு பேரில் ஒருவர். காலையில் அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் அவர் தனி ஒருவர்.

கீழ் ரேடியோவும் அதே ஆறு மணிக்கு அதே மாதிரி ஒரு நிகழ்ச்சி நடத்துகிறது. சேலம் மார்க்கெட் விலை, ஆஸ்பத்திரி செய்தி, அடிவாரத்து ஊர்களின் நல்லது கெட்டது.

கமிட்டி சொன்னது இதுதான். அந்த நேரத்தில் கீழ் ரேடியோவைவிட நமக்கு அதிகம் பேர் இருந்தால் ஜெசிந்தா தொடரட்டும். இல்லையென்றால் கம்ப்யூட்டரே பாட்டுப் போடும்... விடியற்காலையில் யாரும் எழுந்து வர வேண்டியதில்லை. கணக்கெடுக்கும் வேலை எனக்கு.

நான் மீட்டரைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். இரண்டு ரேடியோவின் சிக்னலும் ஏறத்தாழ சமமாக வந்து விழுகிற இடம் கொட்டச்சேடு பக்கத்து அந்த லைன்தான். நியாயமான இடம். ஜெசிந்தா அக்கா குடியிருப்பதும் அதே லைனில்தான் என்பதை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்து மூன்று வீடுகளில்தான் கேட்டேன். எட்டாம் நம்பர் ஜெசிந்தா அக்காவின் வீடு. அவருடைய கணவர் வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி பேசுகிற ரேடியோவைக் கேட்கிறீர்களா என்று ஒரு மனிதரிடம் எப்படிக் கேட்பது? நானே டிக் போட்டுவிட்டு வணக்கம் சொல்லி நகர்ந்துவிட்டேன்.

வியாழக்கிழமை டீக்கடையில் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கோகுல் சொன்னார்:

"எட்டாம் நம்பர்ல ஒரு ஜீப் டிரைவருங்க. நொம்ப நல்லாப் பேசுனாரு. தெனமும் காலைல எங்க ரேடியோதானாம். ஒரு நாள்கூட விட்டதில்லயாம்."

நான் டீயை ஊதிக்கொண்டே இருந்தேன். டீ எப்போதோ ஆறிவிட்டது.

"மரியாதைக்குச் சொல்லிருக்காங்க," என்றேன். "நான் போனா எங்களுது. நீங்க போனா உங்களுது. வந்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு."

"அப்ப யாரு சொன்னது நெசம்?"

"கேட்டா தெரியாது. கேக்காமத்தான் போகணும்."

இப்படித்தான் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குச் சற்று முன்னால் அங்கே போய் நின்றோம்.

மார்கழி முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. சில வாசல்களில் கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரங்கள் இன்னும் இறங்கவில்லை. பனிமூட்டத்தில் வீடுகள் தெரியவில்லை. நட்சத்திரங்கள் மட்டும் சிவப்பாகவும் மஞ்சளாகவும் அந்தரத்தில் நின்றன. சில்வர் ஓக் மரங்களிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. எங்கோ ஒரு அடுப்பு பற்றிக்கொண்ட வாசனை.

ஆறு மணி.

ஒன்றாம் நம்பர் கதவைக் கடந்தோம். உள்ளிருந்து ஜெசிந்தா அக்கா. "சேலம் போற மொத பஸ்ஸு கெளம்பிருச்சுங்க. அடுத்தது..."

இரண்டாம் நம்பர். ஓர் ஆண் குரல். சின்ன வெங்காயம், முருங்கைக்காய்.

மூன்று. மறுபடியும் அக்கா. பஸ்ஸை முடித்துவிட்டுப் பனிக்கு வந்திருந்தார்.

நான்கு. ஆண் குரல். அவர் தக்காளிக்கு வந்திருந்தார்.

ஐந்து, அக்கா. ஆறு, அவர். ஏழு, அக்கா. எட்டு...

எட்டு, அவர். கோகுல் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நாகரிகத்துக்காக அவருக்கு நன்றி.

லைனின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம். ஒன்று விட்டு ஒன்று, பிசகவே இல்லை. நடந்தால் இரண்டு குரல்களும் மாறி மாறி வந்தன. நின்றால் இரண்டும் சேர்ந்து வந்தன. ஒரு பஸ், ஒரு கிலோ தக்காளி, ஒரு வளைவு, ஒரு ஆஸ்பத்திரி. பனிக்குள் ஆட்கள் இல்லை, வீடுகள் இல்லை, குரல்கள் மட்டும் இருந்தன. நான் டிரான்ஸ்மிட்டரைப் பார்த்துக்கொள்கிறவள். அதன் சூடு தெரியும், மின்விசிறிச் சத்தம் தெரியும். அதிலிருந்து கிளம்பியது எங்கே போய் இறங்குகிறது என்பதை அன்றைக்குத்தான் நின்று கேட்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பட்டியலில் அதை எழுதவில்லை.

எஃப்.எம். பற்றி முதல் வருஷமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஒரே அலைவரிசையில் இரண்டு ஸ்டேஷன் வந்தால் பலமானது மட்டும் கேட்கும், பலவீனமானது மறைந்துபோகும். ரேடியோப் பெட்டிக்கு அப்படி. அதைக் கேட்கிற மனிதர்களும் அப்படித்தான் என்று யார் சொன்னது? நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

தண்ணீர்க் குழாயில் ஒரு குடம் 'ணங்' என்றது. ஐந்தாம் நம்பர் பாப்பாத்தி அக்கா. செவ்வாய்க்கிழமை எனக்குக் கடுங்காப்பி கொடுத்தவர். பனியை விலக்கிப் பார்ப்பது போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க... மேல் ரேடியோ அம்மிணியும் கீழ் ரேடியோ தம்பியும் விடியறதுக்குள்ள சோடியா நிக்கறீங்க? பத்திரிக்க வெக்க வந்தீங்களா?"

கோகுலுக்கு இருமல் வந்துவிட்டது.

"கணக்கெடுக்க வந்தோமுங்க," என்றேன்.

"அதான் அன்னிக்கே எடுத்துட்டுப் போனீங்களே கண்ணு. ஆளுக்கொரு நாள் வந்து ஒரே கேள்விய ரெண்டு பேரும் கேட்டீங்க. சேந்து வந்திருந்தா எனக்கு ஒரு தடவ காப்பி வெச்சாப் போதும்."

"ரெண்டு பேர்கிட்டயும் ஆமாம்னு சொல்லிருக்கீங்களே அக்கா. எது பொய்யிங்க?"

அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"பொய்யா? நான் எதுக்குங்க பொய் சொல்றேன்? ரெண்டுந்தான் கேக்கறோம்."

"உங்க ஊட்டுல ஒரு ரேடியோதானுங்களே இருக்குது?"

"ஊட்டுல ஒண்ணு. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணு. உள்ள வந்து பாருங்க சாமி."

போய்ப் பார்த்தோம். லைன் வீடு என்பது ஒரே நீளக் கட்டடம். நடுவில் சுவர்கள் எழுப்பி வீடு வீடாகப் பிரித்திருப்பார்கள். அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே இரண்டு முழம் இடைவெளி விட்டிருக்கும். பாப்பாத்தி அக்கா வீட்டு அலமாரியில் ஜெசிந்தா அக்கா பேசிக்கொண்டிருந்தார். சுவரின் தலைக்கு மேலாக, ஆறாம் நம்பரிலிருந்து கீழ் ரேடியோ வழிந்து வந்துகொண்டிருந்தது.

"ஒத்தப்படைக்கு மேல் ரேடியோ. ரெட்டப்படைக்கு கீழ் ரேடியோ. லைன் பூரா பேசி வெச்சதுங்க."

"எப்போ இருந்துங்க?" என்றார் கோகுல்.

பாப்பாத்தி அக்கா பானையிலிருந்து அரிசியை அள்ளிக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். அவர் கணவரின் தங்கை அடிவாரத்தில் வாழ்க்கைப்பட்டவர். ஒரு நாள் திடீரென்று தவறிவிட்டார். அதைக் கீழ் ரேடியோவில் காலையிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

"அன்னிக்கு இருவத்துநாலு ஊட்டுலயும் மேல் ரேடியோ. ஜெசிந்தா நம்ம புள்ளைன்னு அல்லாரும் அதயே வெச்சிருந்தோம். போன் இருந்து என்ன பண்ண, இங்க டவர் கெடைக்காது. ஆள் வந்து சொல்றப்ப மணி மூணு. இவரு போய்ச் சேரங்காட்டி மண்ணு போட்டு மூடிட்டாங்க. மொகங்கூடப் பாக்கல."

அரிசியைக் களைந்தார்.

"அதுக்கப்பறந்தான் பிரிச்சுக்கிட்டோம். ஜெசிந்தாதான் மொதல்ல, 'எங்க ஊடு ரெட்டப்படைதான, நாங்க கீழ் ரேடியோ வெச்சுக்கறோம்'னா."

மரியாதைக்குச் சொன்னார்கள் என்று எவ்வளவு சுலபமாக முடிவு கட்டினேன்! இருபத்து நான்கு வீட்டில் ஒரு வீடுகூடப் பொய் சொல்லவில்லை. அந்த லைனில் உண்மையல்லாத ஒரே டிக், எட்டாம் நம்பருக்கு நான் கேட்காமலே போட்டது. அதுவும் கடைசியில், ஏழாம் நம்பர்ச் சுவருக்கு மேலாக, உண்மையாகிவிட்டது.

"ஒரு கொறைதான்," என்றார் பாப்பாத்தி அக்கா. "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்தறீங்க. எது பஸ்ஸு, எது எழவுன்னு வெளங்கறதுக்குள்ள தல சுத்துது. ஒருத்தரு பேசறப்ப ஒருத்தரு பாட்டுப் போட்டா ஆகாதுங்களா?"

ஜெசிந்தா அக்காவின் நேரம் போய்விடலாம் என்பதைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை. பாப்பாத்தி அக்கா கை கழுவிக்கொண்டு நிமிர்ந்தார்.

"இதுக்கா இத்தன யோசன? எந்த நாள் எண்ணுவாங்கன்னு சொல்லுங்க. அன்னிக்கு ஒரு நாள் இருவத்துநாலும் மேல் ரேடியோ வெச்சுடறோம். தம்பி, நீங்க காதப் பொத்திக்கோங்க."

கோகுல் நிஜமாகவே காதைப் பொத்திக்காட்டினார்.

ஆக, என் முன்னால் இருந்த வழிகள்:

ஒன்று, செவ்வாய்க்கிழமைக் காகிதத்தையே கொடுத்துவிடுவது. தலைவர் ஏற்கெனவே வடை வாங்கிக் கொடுத்துவிட்டார். கேட்டதைக் கேட்டபடி எழுதியது... கிட்டத்தட்ட.

இரண்டு, பாப்பாத்தி அக்கா சொன்னபடி ஒரு நாள் குறித்து, தலைவரையே அழைத்து வந்து காட்டுவது.

மூன்று, வெள்ளிக்கிழமை கேட்டதை எழுதிக் கொடுப்பது.

முதல் இரண்டிலும் ஜெசிந்தா அக்காவின் நேரம் தப்பிக்கும். மூன்றாவதில் என்ன ஆகும் என்று தெரியாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்கும் ஸ்கூட்டரில் வரும்போது அப்படித்தான் தோன்றியது.

ஸ்டுடியோவில் ஜெசிந்தா அக்கா பேசி முடித்துவிட்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒத்தப்படை ரெட்டப்படை விஷயம் எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே கண்ணு. ஊடு ஊடாப் போய் கேட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பாப்பாத்தி அக்காவின் யோசனையைச் சொன்னேன். ஒரே ஒரு நாள்தான், ஒரு மணி நேரம்தான் என்றேன்.

"அந்த ஒரு மணி நேரத்துல கீழ யாராச்சும் போய்ச் சேந்தா?"

சரி, செவ்வாய்க்கிழமைக் காகிதத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

அக்கா ஸ்வெட்டரின் பொத்தானைப் போட்டார். இடம் மாறிப் போட்டுவிட்டு, கழற்றித் திரும்பப் போட்டார்.

"அத நான் என்னத்தச் சொல்றது? காகிதம் உங்க கையில இருக்குது. எனக்கு இந்த ஒரு மணி நேரம் வேணும். வேணாம்னு சொன்னா அது பொய்யி." வாசல் வரை போய்த் திரும்பினார். "ஜீப்புக்கு நேரமாச்சுங்க."

கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தப் பொத்தான்தான் என் கண்ணில் நின்றது.

திங்கட்கிழமை வெள்ளிக்கிழமைக் காகிதத்தைக் கொடுத்தேன்.

ஏன்? நல்லவள் என்பதால் இல்லை. செவ்வாய்க்கிழமைக் காகிதம் அந்த லைனைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அதை நிரப்பியவளைப் பற்றித்தான் சொன்னது. அளவெடுப்பது என் தொழில். தப்பான அளவு என்று தெரிந்த பிறகு அதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க எனக்கு வரவில்லை. இந்தக் காரணம் ஜெசிந்தா அக்காவின் ஒரு மணி நேரத்தைவிடப் பெரியதா? அது எனக்கு இன்னும் தெரியவில்லை.

தலைவர் காகிதத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக இரண்டு கட்டத்திலும் டிக்.

"ரெண்டு டிக்கு போட்டா செல்லாதுங்கம்மணி. ஓட்டுச் சீட்டு மாதிரி."

"இது ஓட்டு இல்லீங்க சார். காது."

சுவரைச் சொன்னேன். கூரைக்குக் கீழே உள்ள இரண்டு முழத்தைச் சொன்னேன். அடக்கத்துக்குப் போய்ச் சேராத அண்ணனைச் சொன்னேன். கமிட்டியில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். தலைவர் நீண்ட நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு மனசு இல்லாமல் இல்லை, கோடு வேண்டும்.

"எத்தன ஊட்டுப் பொட்டில நம்ம ரேடியோ?"

"பன்னெண்டுங்க."

"அவங்களுது?"

"பன்னெண்டு."

"சரி பாதி. பாதி வேலைக்கு அரை நாள் பேர் போடறதுதான் மொற. அரை மணி நேரம் ஜெசிந்தா பேசட்டும். மிச்சத்துக்குப் பாட்டு."

நான் இன்னும் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் எழுதிவிட்டார். எழுதியதை அடிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை கோகுல் போன் செய்தார். அவர் தன் பழைய காகிதத்தையே கொடுத்துவிட்டாராம். இருபத்து நான்குக்கு இருபத்து நான்கு. அவர்கள் ஆபீஸில் ஸ்வீட் கொடுத்தார்களாம். "தப்புதானுங்க," என்றார். எங்கள் பக்கம் பாதி போனதை மட்டும் சொன்னேன். டவர் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"ஆறரைக்கு மேல நீங்க பாட்டுங்களா?"

"ஆமாங்க."

"சரிங்க," என்று வைத்துவிட்டார்.

போட்டியில் யார் ஜெயித்தது என்று கேட்டால், காகிதத்தின்படி கீழ் ரேடியோ. கேட்கிறவர்களைக் கேட்டால் அப்படி ஒரு போட்டி நடந்ததே அவர்களுக்குத் தெரியாது. நாம்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டம் போட்டு, ஒரு டிக்குக்குக் காத்திருக்கிறோம். அவர்கள் சுவருக்கு மேலே இரண்டு முழம் இடம் விட்டு வாழ்கிறார்கள்.

இன்றைய நிலவரம் இது. ஆறு மணியிலிருந்து ஆறரை வரை ஜெசிந்தா அக்கா பேசுகிறார். அந்த நேரத்தில் கீழ் ரேடியோவில், கோகுலின் ஏற்பாட்டில், பாட்டு. ஆறரையிலிருந்து ஏழு வரை அவர்கள் பேசுகிறார்கள், எங்களிடம் பாட்டு. லைனில் எல்லாருக்கும் எல்லாம் தெளிவாகக் கேட்கிறதாம். ஜெசிந்தா அக்காவுக்கு அரை மணி நேரம் பத்தவில்லை. யாராவது தவறிவிட்டார் என்று சொன்ன பிறகு முன்பெல்லாம் ஒரு மூச்சு நேரம் சும்மா இருப்பார் — இப்போது இருப்பதில்லை.